சீனி வேண்டாத தாகநீர்

மாரிக்கு மட்டும் நீரோடி, மழை ஓய்ந்ததும் வற்றிப்போகும் வழுக்கியாற்றை நீக்கினால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறென்று சொல்லத்தக்கது வேறொன்றும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, நிலத்தின் அடியில் உவர்நீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படையாகத் தங்கி நிற்கிறது. அந்நீரே கிணறுகளில் ஊறி, ஆண்டு முழுவதும் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் உதவுகிறது. சில ஊர்களில் நன்னீர்க் கிணறுகள் உண்டு. சில ஊர்களில் உவர்க் கிணறுகளே உண்டு. நன்னீர் என்று பெயர் பெற்றதுங்கூடப் பெரும்பாலும் சுண்ணாம்பு கரைந்த வன்னீரே. கேத்திலின் உட்புறத்தில் படியும் வெண்ணிறப் பொருக்கு அதற்குச் சான்றாகும்.

இத்தகைய நீரைக் கொண்டு, சோளகக் காற்று வீசும் நீண்ட கோடையைக் கழித்த மக்கள், அதனை மணமூட்டிப் பருகும் வகைகள் பலவற்றை அறிந்திருந்தனர். மல்லி அவித்த நீர், நற்சீரகம் கொதித்த நீர், வேர்க்கொம்பு தட்டிப் போட்ட நீர், ஆவரசம்பூ ஊறிய நீர் எனும் இவை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்கியவை அல்ல. அடுக்களைப் பேணிகளில் இருந்த சரக்கும், வேலியோரத்தில் நின்ற செடியும், முற்றத்துத் துளசியுமே இவற்றுக்குப் போதுமாயிருந்தன. சிலவற்றைப் பருகும்போது ஒரு சிறு பனங்கட்டித் துண்டை இடையிடையே கடித்துக்கொள்வதும் உண்டு. ஆயினும் நீருக்குள் இனிப்பைக் கரைத்தே தீர வேண்டும் என்ற நியதி இருந்ததில்லை.

இன்றைய நிலை வேறு. தாகம் என்றதும் இனிப்பான தேநீரோ, போத்தலில் அடைத்த இனிப்பு நீரோ கைக்கு வருகிறது. தாகம் கேட்பது நீரை, கிடைப்பது சீனி. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்து, சீனியின்றியே சுவைபடப் பருகத்தக்க நீர்வகைகளை வீட்டில் ஆக்கிக்கொள்ளும் முறையை எடுத்துரைப்பதே இப் பேச்சின் நோக்கமாகும்.

இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. இலங்கை மலைநாட்டிலே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பிப் பயிர் செழித்திருந்தது. 1869ஆம் ஆண்டில் காணப்பட்ட இலைநோய் அப் பயிரை நாளடைவில் அழித்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிவைத்த தேயிலைப் பயிர் அதன் இடத்தைக் கைக்கொண்டது. கோப்பி கைப்பு, தேயிலை துவர்ப்பு. இவற்றைப் பழகாத நாவுக்கு இணக்கமாக்கும் பொருளாகச் சீனி உடன் வந்தது. யாழ்ப்பாணத்து இல்லங்களிலோ, கோப்பிக் கொட்டையை வறுக்கும்போதே மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து இடித்து, அப் புதிய பானத்தையும் பழைய மணத்துக்குள் அடக்கிக்கொண்டனர். மல்லிக் கோப்பி என்றும் வேர்க்கொம்புக் கோப்பி என்றும் அவை இன்றும் வழங்குகின்றன.

சீனி கரைத்த பானம் நிலைபெற்றதற்கு நாவின் ஆசை மட்டும் காரணமன்று. உபசாரமும் ஒரு காரணம். வீட்டுக்கு வந்தவர்க்கு ஒன்றும் கொடாமல் அனுப்புதல் யாழ்ப்பாணத்து வழக்கமன்று. ஒரு காலத்தில் செம்பில் தண்ணீர் கொடுத்தல் போதிய மரியாதையாக இருந்தது. இன்று இனிப்பாகத் தேநீர் கொடுப்பதே மரியாதை ஆகிவிட்டது. சீனி குறைந்தால் வீட்டாருக்கு மனங் குறைகிறது. வேண்டாம் என்று சொன்னால் வந்தவருக்குக் கூச்சமாக இருக்கிறது. கலியாண வீடாயினும் துக்க வீடாயினும், ஒரு நாளில் நான்கு வீடு சென்றவர் நான்கு இனிப்புத் தேநீர் பருகியே திரும்புகிறார். நீரிழிவுள்ள முதியவரும் வேண்டாம் என்று சொல்லத் தயங்கி அதையே பருகுகிறார். எவரும் தீமை எண்ணிக் கொடுப்பதில்லை, அன்பினாலேயே கொடுக்கின்றனர். ஆதலாற்றான் இப் பழக்கத்தை மாற்றுவதும் அரிதாக இருக்கிறது.

இதன் கணக்கைச் சற்றே பார்த்தல் நன்று. மட்டமாக அளந்த ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம் நிறையுடையது. ஒரு கிராம் சீனி 4 கலோரி வெப்பசத்தைத் தருவது. நாளொன்றுக்கு ஐந்து குவளைத் தேநீர், குவளைக்கு இரண்டு கரண்டி எனின், பத்துக் கரண்டியில் 40 கிராம் சீனியும் 160 கலோரியும் உடலுட் செல்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சீனி நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். அதிலும் பாதியாகக் குறைத்தல் மேலும் நன்மை தரும். அப் பாதி அளவு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. தேநீர் ஒன்றினாலேயே இந்த எல்லை கடந்துவிடுகிறது. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி கொண்ட குடிவகையின் 400 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றைப் பருகினால், மேலும் 40 கிராம் சேர்கிறது. போத்தல் பானங்களில் உள்ள சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களாற் காட்ட வேண்டும் என்ற விதி இலங்கையில் 2016ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. வீட்டிலே கரைக்கும் சீனிக்கு அத்தகைய நிற அடையாளம் எதுவும் இல்லை.

நாட்டிலே நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அறிய 2005, 2006 ஆண்டுகளில் நடந்த ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அந்நோய் இருப்பதைக் காட்டிற்று. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அவ்வாய்வில் சேரவில்லை. ஆயினும் சலரோகம் என்ற சொல்லைக் கேளாத வீடு யாழ்ப்பாணத்தில் இன்று அரிது. நோய் வந்தபின் சீனியை விடுவதைவிட, வருமுன் குறைத்துக்கொள்ளுதல் எளிது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். சீனியே தீது, பனங்கட்டி தீதன்று எனப் பலர் கருதுகின்றனர். பனை யாழ்ப்பாணத்தின் செல்வம். பனங்கட்டி அதன் இனிய விளைவு. அதில் மணமும் சிறிது தாதுப் பொருளும் உண்டென்பது உண்மை. ஆயினும் அதன் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே இனிப்புப் பொருளே. நிறைக்கு நிறை கலோரியிலும் பெரிய வேற்றுமை இல்லை. பனங்கற்கண்டுக்கும் இதே கூற்றுப் பொருந்தும். நீரிழிவுள்ளவர் பனங்கட்டி கரைத்த மல்லித் தண்ணீரை மருந்தென்று எண்ணிப் பருகுவாராயின், மல்லியின் பெயரால் இனிப்பையே பருகுகின்றார். ஒரு சிறு துண்டைக் கடித்துப் பருகிய முன்னையோர் வழக்கில், கரைத்துக் குடிப்பதிலும் குறைந்த இனிப்பே உட்சென்றது என்பதும் கருதத்தக்கது.

அப்படியாயின் இனிப்பில்லாத நீர் சுவைக்குமா என்ற கேள்வி எழும். தடிமன் பிடித்து மூக்கடைத்தவருக்கு எந்த உணவும் சுவைப்பதில்லை என்பது எல்லோரும் கண்டதே. சுவை என்று சொல்லப்படுவதிற் பெரும்பங்கு மணம். நாக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு முதலியவற்றை அறியும். மற்றை நுட்பங்கள் யாவும் மூக்கின் வழியே அறியப்படுவன. மணத்தைத் தருவன விதையிலும் இலையிலும் வேரிலும் உள்ள ஆவியாகும் எண்ணெய்கள். மல்லி விதையின் மணத்துக்குப் பெருங்காரணமாயிருப்பது லினலூல் என்னும் பொருள். நன்னாரி வேரின் மணப்பொருளோ, வனிலாவின் மணப்பொருளுக்கு உறவானது. கறுவா, ஏலம், பெருஞ்சீரகம் ஆகியவற்றின் மணம் இனிப்பை நினைவூட்டுவது. இவ்வெண்ணெய்கள் நீரில் இறங்கும் அளவு மிகமிகச் சிறிது. ஆகவே வடித்த நீரில் மணம் நிறைந்திருக்கும். கலோரியோ கணக்கில் எடுக்கத்தக்கதன்று.

மணம் எங்கே இருக்கிறது என்பதை அறிந்தால், ஆக்கும் முறையும் விளங்கிவிடும். விதை, பட்டை, காய்ந்த கிழங்கு ஆகியன கடினமானவை. இவற்றைச் சிதைத்துக் கொதிக்கவைத்தாலன்றிச் சாரம் இறங்காது. இலையும் பூவும் மென்மையானவை. இவற்றைக் கொதிக்கவைத்தால் மணம் ஆவியோடு போய்விடும், கைப்பு மிஞ்சும். ஆதலின் விதையும் வேர்க்கொம்பும் அவிக்கத்தக்கன. இலையும் பூவும் சுடுநீரில் ஊறவைக்கத்தக்கன. எதுவாயினும் பாத்திரத்தை மூடியே வைத்தல் வேண்டும். மூடியில் திரளும் துளிகளிலும் மணம் உண்டாதலால், அவற்றையும் நீருக்குள்ளேயே வழியவிடுதல் நன்று.

முதலிலே மல்லி நீர். ஒரு லீற்றர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி மல்லி போதும். மல்லியைக் கல்லும் தூசும் நீங்கப் புடைத்து, வெறுஞ் சட்டியில் இளஞ்சூட்டில் வாசம் எழும் வரை வறுத்து, உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ள வேண்டும். சுண்டுவிரல் நுனியளவு வேர்க்கொம்பைத் தட்டிச் சேர்த்து, மூடியிட்டு ஐந்தாறு நிமிடம் கொதிக்கவைத்து இறக்கி, பத்து நிமிடம் சென்றபின் வடித்தெடுக்கலாம். இஞ்சி காயும்போது அதன் காரப்பொருள் மாற்றமடைந்து மேலும் உறைப்பாகிறது. அதனால் வேர்க்கொம்பு சிறிதளவே வேண்டும். இளஞ்சூடாகப் பருகினால் தொண்டைக்கு இதம். ஆறவைத்துப் பருகினால் நடுப்பகல் வெயிலுக்கு நன்று. தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் மல்லி அவித்துக் கொடுப்பது தமிழர், சிங்களவர் இரு சாராரிடத்தும் உள்ள வழக்கமாதலின், இதனைப் பலர் நோயாளியின் பானமாகவே நினைக்கின்றனர். நோயின்றியும் பருகத்தக்க இனிய நீர் இது.

நற்சீரக நீர் அதனினும் எளிது. ஒரு லீற்றர் கொதிநீரில் ஒரு தேக்கரண்டி நற்சீரகத்தை இட்டு, நீர் இளமஞ்சளாகும் வரை நான்கைந்து நிமிடம் வைத்து வடித்தல் வேண்டும். கேரளத்தில் உணவுச்சாலைகளிலேயே வெறுநீருக்குப் பதிலாகச் சீரக நீரையும், பதிமுகக் கட்டை இட்டுச் சிவந்த நீரையும் வைப்பது வழக்கம். நீரைக் கொதிக்கவைத்தாயிற்று என்பதற்கு அந்நிறமே அடையாளம் ஆகிவிடுகிறது. யாழ்ப்பாணத்து உணவு உறைப்பு மிகுந்தது. அதன் பின் ஒரு குவளை நற்சீரக நீர் பருகுதல் வாய்க்கும் வயிற்றுக்கும் ஆறுதலாக இருக்கும்.

கறுவாவைப் பற்றி ஒரு சொல். இலங்கையின் கறுவா மெல்லிய சுருளாக, கையால் நொறுக்கத்தக்கதாக இருக்கும். தடித்து வலியதாய் மரப்பட்டை போன்றிருப்பது வேறோர் இனம். அவ்வினத்தில், மிகுதியாக உட்கொண்டால் ஈரலுக்குத் தீங்கு செய்யக்கூடிய கூமரின் என்னும் பொருள் கூடுதலாக உண்டு; இலங்கைக் கறுவாவிலோ அது மிகச் சொற்பம். விரல் நீளத் துண்டு ஒன்றும் இரண்டு ஏலக்காயும் ஒரு லீற்றர் நீரில் அவிந்தால், சீனி இடாமலே இனிப்பென்று மயங்கத்தக்க மணம் வரும். சீனியை விடத் தொடங்குவோர்க்கு முதற் படியாக உதவுவது இந்நீரே. வெறுந்தேநீரிலும் இவற்றைச் சேர்க்கலாம்.

இனி இலைகள். துளசி, புதினா, கற்பூரவள்ளி ஆகிய மூன்றும் ஒரு சட்டி மண்ணில் வளரத்தக்கவை. ஒரு குவளைக்குத் துளசியாயின் ஏழெட்டு இலை, புதினாவாயின் ஒரு சிறு கொத்து, கற்பூரவள்ளியாயின் இரண்டு இலை போதும். இலையைக் கழுவி, உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டி, கொதித்து இறக்கிய நீரை அதன்மேல் ஊற்றி, மூடி ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். தேசி மரத்தின் இளந்தளிரும், தோடையின் இலையும் இவ்வாறே ஊறவைக்கத்தக்கவை. தேசிக்காயின் மேற்றோலை மெல்லியதாகச் சீவி இட்டால், புளிப்பின்றி மணம் மட்டும் கிடைக்கும். தோலின் கீழுள்ள வெண்பகுதி கைப்பாதலின் அதை விலக்குதல் வேண்டும்.

பூக்களில் ஆவரசும் செவ்வரத்தையும் குறிப்பிடத்தக்கவை. ஆவரசு வறண்ட நிலத்துச் செடி. பொன்னிறப் பூப் பூப்பது. சிங்கள மக்கள் ரணவரா என்று பருகுவதும் இதுவே. பூவை நிழலிற் காயவைத்துப் போத்தலில் அடைத்துவைத்தால் மாதக்கணக்கில் உதவும். ஒரு குவளைக்கு ஒரு தேக்கரண்டி காய்ந்த பூவைச் சுடுநீரில் ஊறவைக்கலாம். செவ்வரத்தையில் அடுக்கற்ற சிவப்புப் பூ ஏற்றது. காம்பும் பச்சை இதழும் நடுத்தண்டும் நீக்கி, நான்கு பூவின் இதழ்களைச் சுடுநீரில் இட்டால், இதழ் வெளுத்து நீர் ஊதாவாகும். அதில் இரண்டு துளி தேசிப்புளி விட்டால் அக்கணமே செந்நிறமாக மாறும். இம்மாற்றத்தைச் சிறுவர் வியந்து பார்ப்பர். வியந்ததைப் பருகவும் செய்வர். எகிப்திலும் சூடானிலும் செவ்வரத்தையின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து ஆக்கும் சிவந்த பானம் விருந்தினர்க்குரிய பானமாக விளங்குகிறது. பூச்சிமருந்து தெளித்த செடியின் பூவையும், தெருப்புழுதி படிந்த வேலிப்பூவையும் மட்டும் தவிர்த்துவிடல் வேண்டும்.

குளிர்ந்த நீரை விரும்புவோர்க்கு நன்னாரியும் வெட்டிவேரும் உள. நன்னாரி வேரைக் கழுவித் தட்டி, நடுவேயுள்ள கட்டையை நீக்கி, கொதித்து ஆறிய நீரில் இரவு முழுவதும் ஊறவைத்தால், காலையில் நீர் மணந்திருக்கும். சருபத்து என்ற பெயரில் விற்கப்படும் நன்னாரிப் பாகிற் பெரும்பகுதி சீனியே. வேர் ஊறிய நீரில் அது இல்லை. வெட்டிவேரைச் சிறு முடிச்சாகக் கட்டி மண்பானை நீரில் இடுதல் தமிழ்நாட்டிலும் பெருவழக்கு. மண்பானையின் புறத்தே கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டைக் கொண்டுபோகிறது. குளிர்சாதனப் பெட்டியும் மின்சாரமும் இன்றிக் கிடைக்கும் குளிர்ச்சி அது. வேரை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை எடுத்து வெயிலிற் காயவைத்தல் வேண்டும்.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, ஒரு நெல்லிக்காயை மென்று தின்றபின் வெறுந் தண்ணீரைப் பருகினால், அத் தண்ணீரே தித்திக்கும். எவரும் ஒருமுறை செய்து பார்க்கத்தக்கது. அந்த இனிப்பு நீரில் இருப்பதன்று. நெல்லிக்காயின் சாற்றால் நாவில் ஏற்பட்ட மாற்றத்தினால் உணரப்படுவது.

ஆக்கும் முறை இவ்வாறிருக்க, ஆக்குவதற்கு எடுக்கும் நீரைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. மூலிகை நீர் என்ற பெயரினாலேயே நீர் தூயதாகிவிடாது. நீர் நன்றாகக் கொதித்து ஒரு நிமிடமாவது நின்றால் நோய்க்கிருமிகள் மடியும். மலக்குழிக்கு அருகே கிணறு அமைந்த நெருங்கிய குடியிருப்புகளில் இது மிகமிக இன்றியமையாதது. கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையை உரைத்து விடுதல் பழைய தமிழர் முறை. அது கலங்கலைப் படியச் செய்யுமேயன்றிக் கிருமியைக் கொல்லாது. ஆகவே தெளிந்த நீரையும் கொதிக்கவைத்தல் வேண்டும்.

கொதிக்கவைப்பதால் நீங்காத குற்றங்களும் உள. வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு மிகுதியாக இடும் உரத்தினின்று நைத்திரேற்று என்னும் பொருள் மழைநீரோடு நிலத்துள் இறங்கி, குடாநாட்டின் பல கிணறுகளிற் கலந்திருப்பது ஆய்வுகளிற் கண்ட உண்மை. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. நீர் கொதித்து வற்ற வற்ற இப்பொருள் செறியுமேயன்றிக் குறையாது. நீரில் உள்ள உப்பும் அத்தகையதே. 2014, 2015 ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெருங் கவலையை உண்டாக்கிற்று. அத்தகைய நீரை எந்த மூலிகையாலும் மறைத்துப் பருகலாகாது. ஐயமுள்ள கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தும், வேண்டுமாயின் மழைநீரைத் தூய்மையாகச் சேர்த்தும், குழாய் நீர் வரும் இடத்தில் அதனைக் கொண்டும் இந்நீர்வகைகளை ஆக்குதல் தக்கது. மழைநீர் மென்னீராதலால் அதில் மல்லியும் தேயிலையும் தெளிவாகவும் மணமாகவும் அவிவதைக் காணலாம். வன்னீரில் ஆக்கிய தேநீரின்மேல் படரும் ஏடு மழைநீரில் ஆக்கியதில் தோன்றுவதில்லை.

மருந்துக்கும் தாகநீருக்கும் உள்ள எல்லையையும் இவ்விடத்தில் வரைந்துகொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணம் சித்த மருத்துவத்துக்குப் பேர்பெற்ற மண். ஆரியச்சக்கரவர்த்திகளின் காலத்துத் தொடர்புடையனவாகச் சொல்லப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் இங்கே தோன்றியவை. சித்த மருத்துவத்தில் குடிநீர் என்பது ஒரு மருந்து வகையின் பெயர். சரக்கை இட்டு எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காக வற்றுமளவும் காய்ச்சுவது அதற்குரிய முறைகளுள் ஒன்று. அளவும் காலமும் பத்தியமும் வைத்தியர் சொல்லப் பருகுவது அது. இப்பேச்சிற் கூறியவை அவ்வாறு செறியக் காய்ச்சியவை அல்ல. சிறிதளவு சரக்கால் மணமூட்டிய நீர் மட்டுமே. இவை நீரிழிவைத் தீர்க்கும் என்று எவரேனும் சொன்னால் நம்பலாகாது. சீனி கரைத்த பானத்தின் இடத்தில் இவற்றைப் பருகுவதால் சீனி குறையும். அந்த நன்மையே பெரிது.

மருந்து உட்கொள்வோர் சிலவற்றில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஆவரசம்பூ நீரை நாள்தோறும் மிகுதியாகப் பருக விரும்பும் நீரிழிவு நோயாளர், முதலில் தம் மருத்துவரைக் கேட்டல் நன்று. தேங்காய்ப்பூக்கீரை என்னும் சிறுபீளையை அவித்துப் பருகும் வழக்கம் பலரிடம் உண்டு. சிறுநீரகக் கோளாறுடையோர் அதனைத் தாமாகத் தொடங்கலாகாது. கருவுற்ற பெண்டிரும் பழக்கமில்லாத மூலிகைகளைத் தவிர்த்தல் வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி மல்லி நீரோ ஓம நீரோ வேண்டுவதில்லை. நைத்திரேற்று மிகுந்த கிணற்று நீரினால் தீங்கு முதலில் நேர்வதும் அத்தகைய பச்சிளங் குழந்தைக்கே.

பழகிய நாக்கு உடனே இணங்குமா எனின், இணங்காது. இரண்டு கரண்டிச் சீனியில் ஊறிய நாவுக்கு வெறும் மல்லி நீர் முதல் நாள் வெறுமையாகவே தோன்றும். ஆகவே குறைத்தல் படிப்படியாக நிகழ வேண்டும். முதல் வாரத்தில் தேநீரின் சீனியில் அரைக் கரண்டி குறையலாம். அடுத்த வாரத்தில் மேலும் அரைக் கரண்டி. ஐந்து தேநீரில் பிற்பகல் தேநீரை நிறுத்தி, அவ்விடத்தில் கறுவா நீரையோ மல்லி நீரையோ வைக்கலாம். சில வாரங்களில் நாக்கு தானே மாறிவிடும்; முன்பு இனித்தது பின்பு தெவிட்டும். 1990ஆம் ஆண்டின் பின் போர்க்காலத்தில் பொருள்வரவு தடைப்பட்டுச் சீனி அரிதானபோதும், 2022இல் விலை எட்டாத உயரம் சென்றபோதும், குடாநாட்டு மக்கள் சீனி குறைத்துப் பருகவே செய்தனர். அன்று வேறு வழியின்றிச் செய்ததை, இன்று நலம் கருதித் தம் விருப்பினாற் செய்யலாம்.

வீட்டில் ஒருவர் நோயுற்றபின் அவருக்கு மட்டும் தனியாகச் சீனியில்லாத் தேநீர் ஆக்குவதால், அவர் தண்டனை பெற்றவர் போல உணர்கிறார். எல்லோருக்கும் ஒரே நீரை ஆக்கிவைத்தால் அந்த மனக்குறை நீங்கும். காலையில் ஒரு பெரிய கேத்தில் மல்லி நீரோ நற்சீரக நீரோ அவித்து, மூடி வைத்துவிட்டால், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும் தோட்டத்துக்குச் செல்லும் தந்தையும் போத்தலில் நிரப்பிக்கொண்டு போகலாம். ஆக்கிய நீரை அன்றைக்கே பருகி முடித்தல் வேண்டும். இரவு கடந்ததை மறுநாள் பருகலாகாது. இரவில் ஊறவைக்கும் வேர்நீரும் காலையில் வடித்து அன்றே முடிக்கத்தக்கதே. வெயிலிற் கடுமையாக உழைத்து வியர்ப்போர், இரத்த அழுத்த நோய் இல்லாதவராயின், தேசிப்புளியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக்கொள்ளலாம்.

விருந்தினரை உபசரிப்பதிலும் இம்மாற்றம் இடம்பெற வேண்டும். சீனி போடலாமா என்று கேட்பதை விட்டு, மல்லி நீர் வேண்டுமா, தேநீர் வேண்டுமா என்று கேட்கும் வழக்கம் வருமாயின், நோயுள்ளவருக்குக் கூச்சமும் இல்லை, வீட்டாருக்குக் குறையும் இல்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வழியெங்கும் எழும் தண்ணீர்ப் பந்தல்களில் சர்க்கரைத் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு குடம் நற்சீரக நீரும் வைக்கப்படுமாயின், வெயிலில் வரும் அடியவர்களுள் அதனை நாடுவோர் பலர் இருப்பர். செலவும் குறைவு. ஒரு கைப்பிடி மல்லியும் கொதித்த நல்ல நீரும் உள்ள வீட்டில், வந்தவரை மனமார உபசரிக்கச் சீனிப் பேணியைத் திறக்க வேண்டுவதில்லை.